மூன்றாம் உலகப் போருக்குப் பிறகு எந்த ஊர் மிச்சம்? ஸ்டார் ட்ரெக் காட்டும் பூமி

கேள்வி இதுதான்: ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்களும் படங்களும் காட்டும் கதையுலகில் 21ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்றாம் உலகப் போர் முடிகிறது. பெருநகரங்களில் பெரும்பாலானவை அழிந்தன என்று வசனமே இருக்கிறது. அப்படியானால் அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் சான் ஃபிரான்சிஸ்கோவும் பாரிஸும் எப்படிப் பளபளவென்று நிற்கின்றன? உண்மையில் தப்பிய நகரங்கள் எவை? இந்தியாவின் கதி என்ன?

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். போரில் தப்பிய நகரம் வேறு, போருக்குப் பிறகு இருக்கும் நகரம் வேறு. ரசிகர்கள் போடும் பட்டியல்களில் பாதிக்கு மேல் இரண்டாவது வகை. 24ஆம் நூற்றாண்டில் ஒரு தெரு திரையில் வந்தால் அந்த ஊர் தப்பிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். போர் முடிந்தது 2053 வாக்கில். முதல் தொடரின் நாயகன் கேப்டன் கர்க்கின் காலம் அதற்கு இருநூறு ஆண்டுகள் தள்ளி, ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் கேப்டன் பிக்கார்டின் காலம் முந்நூறு ஆண்டுகள் தள்ளி. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6. ஆகஸ்ட் 9 அன்றே டிராம் பாதையின் ஒரு பகுதியில் வண்டி ஓடியது. இன்று அது பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் நகரம். வார்சாவில் கட்டடங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஜெர்மானியர்கள் தகர்த்தார்கள். அதன் பழைய நகரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள். 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் சேர்த்துக்கொண்டது. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு முடியும் என்றால், முந்நூறு ஆண்டு கழித்து ஒரு நகரம் அழகாக இருப்பது போரைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

ஆகவே போருக்கு நெருங்கிய காலத்தைக் காட்டும் காட்சிகளைத்தான் சாட்சியாக எடுக்க வேண்டும். அவை மிகக் குறைவு. முக்கியமானது 1996இல் வந்த ‘ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’ படம். கதை நடப்பது 2063 ஏப்ரல் 4, 5 ஆகிய இரண்டே நாள், அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் போஸ்மன் என்ற ஊருக்குப் பக்கத்தில். போர் முடிந்து பத்து ஆண்டு. எதிர்காலத்திலிருந்து அங்கே வந்திருக்கும் பிக்கார்டின் துணை அதிகாரி ரைக்கர் நிலவரத்தைச் சொல்கிறார்: பெரிய நகரங்கள் பெரும்பாலும் இல்லை, அரசாங்கங்கள் சிலவே மிச்சம், செத்தவர்கள் 60 கோடி. மக்கள் கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் இருக்கிறார்கள். மதுக்கடை மட்டும் ஜோராக நடக்கிறது.

அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1968இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் கர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் சொல்லும் எண்ணிக்கை 3.7 கோடி. படத்தில் 60 கோடி. 2022இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரின் முதல் அத்தியாயத்தில் கேப்டன் பைக் மனித குலத்தில் 30 சதவீதம் என்கிறார்; கூடவே ஆறு லட்சம் விலங்கு, தாவர இனங்களும் போயின என்கிறார். இன்றைய மக்கள்தொகைக்கு 30 சதவீதம் என்றால் 240 கோடி. மூன்றையும் ஒட்டவைக்க ரசிகர்கள் படாத பாடு படுகிறார்கள். நான் எடுத்துக்கொள்வது பைக்கின் எண்ணை. அணுப்போரில் குண்டு கொல்வதைவிடப் பசி கொல்வது அதிகம். எரியும் நகரங்களின் கரிப்புகை மேல்வளிமண்டலத்தில் தங்கி வெயிலை மறைக்கும், விளைச்சல் விழும். 2022இல் லிலி ஷியா, ஆலன் ரோபாக் முதலியோர் ‘நேச்சர் ஃபுட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவும் ரஷ்யாவும் முழுமூச்சாக மோதினால் பட்டினியால் மட்டும் 500 கோடிப் பேருக்கு மேல் சாகலாம் என்கிறது; இந்தியாவும் பாகிஸ்தானும் மோதினாலே 200 கோடியைத் தாண்டலாம். அதன் பக்கத்தில் வைத்தால் 60 கோடி என்பது பத்து நாள் சண்டைக்கே போதாது.

சரி, போஸ்மன். இதுதான் உறுதியாகத் தப்பிய ஊர் என்று சொல்லலாம், ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லாவிட்டாலும். ஏன் போஸ்மன்? திரைக்கு வெளியே காரணம் எளிது: கதையை எழுதியவர்களில் ஒருவரான பிரானன் பிராகா பிறந்த ஊர் அது. கதைக்குள் காரணம் தேடினால்தான் சுவாரசியம். மான்டானா ஒன்றும் ஒதுக்குப்புறமான, யாரும் சீண்டாத பூமி இல்லை. கிரேட் ஃபால்ஸ் அருகிலுள்ள மால்ம்ஸ்ட்ராம் விமானப்படைத் தளத்தைச் சுற்றி, கோதுமை வயல்களுக்கு அடியில் மினிட்மேன் அணு ஏவுகணைக் குழிகள் 150 இருக்கின்றன. எதிரி முதலில் அடிக்க வேண்டிய இடமே அதுதான். அவனுடைய குண்டுகளில் பெரும்பகுதியை ஆளில்லாத சமவெளி உறிஞ்சிக்கொள்ளட்டும் என்பது அந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் வெளிப்படையாகவே சொல்லும் வாதம்.

அப்படியிருந்தும் போஸ்மன் தப்பியிருக்க வாய்ப்புண்டு. கிரேட் ஃபால்ஸுக்கு நேர் தெற்கே சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கிறது. குழியை உடைக்க வேண்டுமானால் குண்டு தரையில் வெடிக்க வேண்டும். மண்ணெல்லாம் கதிர்வீச்சுத் தூசியாக மேலே போகும். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. தூசி போய் விழுவது வடக்கு, தெற்கு டகோட்டாக்கள் மேல், அதற்கும் அப்பால். தெற்கே இருக்கும் மலையடிவார ஊர் மோசமாக அடிபட்டாலும் துடைத்தெறியப்படாது. எழுதியவர் சொந்த ஊர்ப் பாசத்தில் வைத்தது வரைபடத்தில் ஓரளவு சரியாகவே விழுந்திருக்கிறது.

ஆனால் ஏவுகணை விஷயத்தில் வழுக்கிவிட்டார்கள். படத்தில் ஸெஃப்ரம் காக்ரேன் என்ற விஞ்ஞானி, ஒளியைவிட வேகமாகப் போகும் தன் ஃபீனிக்ஸ் கலத்தை ஒரு டைட்டன் 2 ஏவுகணையின் மேல் கட்டுகிறான். படப்பிடிப்பு நடந்தது அரிசோனாவில் டூசான் அருகே அருங்காட்சியகமாக இருக்கும் உண்மையான டைட்டன் குழியில். டைட்டன் 2 மான்டானாவில் ஒருபோதும் நிறுத்தப்படவில்லை. அரிசோனா, கன்சாஸ், ஆர்கன்சா மூன்றிலுமாகச் சேர்த்து 54 இருந்தன. கடைசி ஒன்றையும் 1987இல் எடுத்துவிட்டார்கள். குறையாகச் சொன்னாலும் தேர்வு ஒரு வகையில் பொருத்தமானது. 1965, 66இல் ஜெமினி விண்கலங்களில் பத்து முறை மனிதர்களை ஏற்றிச் சென்றது இதே டைட்டன் 2தான். மாநிலம்தான் தப்பு.

இதே போருக்கு இன்னொரு கண்கண்ட சாட்சி, ‘டிஸ்கவரி’ தொடரின் இரண்டாம் பருவத்தில் வரும் ரிச்மண்ட், இந்தியானா. 2053இல் அந்த ஊரின் வெள்ளைத் தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்தவர்கள் கட்டடத்தோடு வேறொரு கோளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஊர் தப்பியதா என்று தெரியாது; தேவாலயம் தப்பியது, அதுவும் பூமியை விட்டுப் போனதால்.

இப்போது சான் ஃபிரான்சிஸ்கோ. 1979இல் வந்த முதல் திரைப்படத்திலிருந்தே ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படையின் தலைமையகம் அங்கேதான். அதே ஊரில்தான் 1945 ஜூன் 26 அன்று ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டார்கள் என்பதால் உலக அரசுக்குப் பொருத்தமான முகவரி. ஆனால் இலக்குப் பட்டியல் போடுகிற ராணுவ அதிகாரியின் கண்ணால் பாருங்கள். விரிகுடாவின் கிழக்கே டிராவிஸ் விமானப்படைத் தளம், தெற்கே சிலிக்கான் பள்ளத்தாக்கு, மலைக்கு அப்பால் அணு ஆயுதங்களையே வடிவமைக்கும் லிவர்மோர் ஆய்வகம், சுற்றிலும் துறைமுகங்கள். இதை ஸ்டார் ட்ரெக்கே ஒரு படத்தில் ஒப்புக்கொள்கிறது. 1986இல் வந்த நான்காம் படத்தில் பனிப்போர் உச்சத்தில் இருக்கும்போது எதிர்காலத்திலிருந்து வந்த கர்க்கின் கப்பல் அதிகாரியான ஒரு ரஷ்யன், செகோவ், சான் ஃபிரான்சிஸ்கோ நடுத்தெருவில் நின்றுகொண்டு, அணுசக்திக் கப்பல்கள் நிற்கும் அலமீடா கடற்படைத் தளத்துக்கு வழி கேட்கிறான்! படத்தின் ஆகச் சிறந்த நகைச்சுவை அது. ஆனால் அந்த நகரம் ஏன் தப்பியிருக்க முடியாது என்பதற்கான விளக்கமும் அதுவே.

நகரத்துக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். பனிப்போர் முடிந்ததும் அங்கிருந்த தளங்கள் வரிசையாக மூடப்பட்டன. பிரெசிடியோ ராணுவ முகாம் 1994இல் தேசியப் பூங்காத் துறைக்குப் போனது. அலமீடா விமானத் தளம் 1997இல் மூடப்பட்டது. 2050இல் ஏவப்படும் குண்டுக்கு, 1980இல் இருந்த அளவு காரணம் அங்கே இல்லை. ஆகவே நகரம் பாதி எரிந்து, விளிம்பில் மிஞ்சி, காலியாகக் கிடந்த பழைய முகாம் நிலங்களில் ஸ்டார்ஃப்ளீட் வளாகம் எழுந்தது என்று வைத்துக்கொண்டால் எனக்கு உறுத்தவில்லை.

“கோல்டன் கேட் பாலம் நிற்கிறதே, அது போதாதா சாட்சி?” என்பார்கள். போதாது. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ கடைசிப் பருவத்தில், 2375இல், பிரீன்கள் என்ற வேற்றுலக எதிரிகள் சான் ஃபிரான்சிஸ்கோவைத் தாக்கும்போது பாலம் உடைந்து தொங்குவதைக் காட்டுகிறார்கள். ‘வாயேஜர்’ கடைசி அத்தியாயம் அதற்குப் பிந்தைய காலம். வாணவேடிக்கைக்கு நடுவே கப்பல் அதே பாலத்தின் மேல் பறக்கிறது, பாலம் முழுசாக இருக்கிறது. ஒரு முறை திரும்பக் கட்டியவர்கள் இரண்டு முறை கட்டியிருக்க மாட்டார்களா?

பாரிஸில், பூமியும் பிற கோள்களும் சேர்ந்த கூட்டமைப்பின் அதிபர் அலுவலகம் இருக்கிறது. 1991இல் வந்த ஆறாம் படத்தில் ஜன்னலுக்கு வெளியே ஈஃபில் கோபுரம் தெரியும். அணு ஆயுத நாட்டின் தலைநகரம் என்பதால் அடிபடாமல் இருந்திருக்கும் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது. கோபுரம் 1889இல் இரும்புத் துண்டுகளை ஆணியடித்துக் கோத்தது, வரைபடங்கள் எல்லாம் பத்திரமாக உள்ளன. திரும்ப எழுப்புவது வார்சாவைவிடச் சுலபம்.

நியூ ஆர்லியன்ஸ்தான் என்னை உண்மையில் யோசிக்கவைப்பது. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் நாயகன் பெஞ்சமின் சிஸ்கோவின் அப்பா அங்கே ஃபிரெஞ்சு குவார்ட்டரில் உணவகம் நடத்துகிறார். 24ஆம் நூற்றாண்டிலும் மனிதர் கையால் சமைக்கிறார், கூரையில் ஒரு முதலை தொங்குகிறது. மிசிசிப்பி வாய் முழுக்க எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் துறைமுகங்களும், ஆகவே இலக்குதான். ஆனால் குண்டே விழாவிட்டாலும் அந்த ஊர் பிழைப்பது கடினம். நகரத்தில் ஏறக்குறைய பாதி கடல்மட்டத்துக்குக் கீழே. மழைநீரை இரவு பகலாகப் பம்புகள் வெளியே தள்ளினால்தான் தெரு தெருவாக இருக்கும். 2005இல் கட்ரீனா புயலில் கரைகள் உடைந்தபோது நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் நீரில் மூழ்கியது. மின்சாரமும் பராமரிப்பும் பத்து ஆண்டு நின்றால் அங்கே ஃபிரெஞ்சு குவார்ட்டர் மட்டும் ஒரு மேட்டுத் தீவாக நிற்கும், ஏனென்றால் அது ஆற்றங்கரையின் உயரமான பகுதி, கட்ரீனாவிலும் பெரும்பாலும் நனையாமல் தப்பியது. சிஸ்கோவின் கடையை அங்கே வைத்தவர்கள் இதை யோசித்து வைத்தார்களோ இல்லையோ, சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் இல்லாததற்குப் போர் காரணமில்லை. 2047இல் ஹெர்மோசா நிலநடுக்கம் அந்தப் பகுதியை 200 மீட்டர் ஆழத்தில் அமிழ்த்திவிட்டது, பிறகு அது பெரிய பவளப்பாறையானது என்று ‘வாயேஜர்’ சொல்கிறது. தொடர் படமாக்கப்பட்டதே ஹாலிவுட்டின் பாரமவுண்ட் வளாகத்தில். தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே மூழ்கடித்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும்.

நியூயார்க்கைக் கவனித்தீர்களா? 1930, 1944, 1953, 1968 என்று ஸ்டார் ட்ரெக் அந்த நகரத்துக்குப் பலமுறை போயிருக்கிறது. போனதெல்லாம் காலப்பயணத்திலோ கனவிலோ, பழைய நியூயார்க்குக்கு. எதிர்கால அரசியல் நடப்பது சான் ஃபிரான்சிஸ்கோவிலும் பாரிஸிலும். வாஷிங்டன், மாஸ்கோ, பெய்ஜிங் எதுவும் உலக அரசில் இடம் பெறவில்லை. இந்த இல்லாமைதான் போரைப் பற்றி அதிகம் சொல்லும் சாட்சி. 1956இல் அமெரிக்க விமானப்படை தயாரித்த அணு இலக்குப் பட்டியல் 2015 இறுதியில் வெளியானது. கிழக்கு ஜெர்மனியிலிருந்து சீனா வரை 1,200 நகரங்கள். மாஸ்கோவுக்கு மட்டும் 179 குறியிடங்கள், லெனின்கிராடுக்கு 145, கிழக்கு பெர்லினுக்கு 91. எதிர்த் தரப்பில் இருந்த பட்டியலும் இதே லட்சணத்தில்தான் இருந்திருக்கும். தலைநகரங்களை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் யார் அதிகாரத்துக்கு வருவார்கள்? ஸ்டார் ட்ரெக் கேப்டன்களின் பூர்வீகத்தைப் பாருங்கள்: கர்க் அயோவாவில் ஒரு பண்ணைப் பையன், பிக்கார்ட் ஃபிரான்சில் லாபார் என்ற திராட்சைத் தோட்டக் கிராமம், ‘வாயேஜர்’ தொடரின் ஜேன்வே இந்தியானா. சிஸ்கோ ஒருவரே பெருநகரத்துக்காரர். (அயோவாவின் ரிவர்சைட் என்ற நிஜச் சிற்றூர், கர்க் எங்கள் ஊரில்தான் பிறக்கப்போகிறார் என்று 1985இலேயே அறிவித்துக் கல் நட்டுவிட்டது.)

லண்டனையும் விடக்கூடாது. 2013இல் வந்த படத்தில் 23ஆம் நூற்றாண்டு லண்டன் வருகிறது. அந்தப் படம் வரலாறு வேறு விதமாகப் போகும் மாற்றுக் காலவரிசையில் நடக்கிறது என்று தள்ளிவிட முடியாது. இரண்டு காலவரிசையும் பிரிவது 2233இல், போர் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே அந்த லண்டனும் இதே போரைப் பார்த்த லண்டன்தான்.

மீட்சி எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வரவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1987இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ முதல் அத்தியாயத்தில் கியூ என்ற சர்வவல்லமை கொண்ட வேற்றுலகப் பிறவி காட்டும் கொடூர நீதிமன்றம் 2079ஆம் ஆண்டுக்கு உரியது. அதாவது போஸ்மனில் வல்கன்கள் என்ற வேற்றுலகத்தார் முதன்முதலாக வந்து இறங்கிப் பதினாறு ஆண்டு கழித்தும், பூமியின் ஏதோ ஒரு மூலையில் குற்றவாளி என்று முடிவு கட்டிய பிறகே விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. கர்னல் கிரீன் என்பவன் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டவர்களைத் தேடித் தேடிக் கொன்றான் என்று ‘என்டர்பிரைஸ்’ தொடர் சொல்கிறது. நகரம் தப்புவது ஒன்று, அதற்குள் இருந்த நோயாளி தப்புவது வேறொன்று.

நிஜமாகத் தப்பக்கூடிய நகரங்கள் தென்கோளத்தில்தான் இருக்கின்றன: மெல்போர்ன், வெலிங்டன், ஆக்லாந்து. இலக்குகள் குறைவு, கரிப்புகை பெரும்பாலும் வடகோளத்திலேயே அடர்ந்திருக்கும், சாப்பிடுகிற ஆட்களைவிட விளைகிற உணவு அதிகம். ஷியா, ரோபாக் ஆய்விலும் ஆஸ்திரேலியா தனித்துத் தெரிகிறது. நியாயப்படி உலக அரசின் தலைநகரம் மெல்போர்னில் இருக்க வேண்டும். ஸ்டார் ட்ரெக்கில் இந்த நாடுகளுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்: பிக்கார்டின் கப்பல் மருத்துவர் கிரஷர் ஓரிடத்தில், 2150இல் உலக அரசில் சேர மாட்டேன் என்று ஆஸ்திரேலியா முறுக்கிக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று உதாரணத்துக்குக் கேட்கிறார். நியூசிலாந்தில் கூட்டமைப்பின் சிறைச்சாலை இருக்கிறது. ‘வாயேஜர்’ தொடங்கும்போது அதன் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான டாம் பாரிஸ் கைதியாக இருப்பது அங்கேதான். முறுக்கிக்கொள்ள ஆஸ்திரேலியாவுக்கு முழு உரிமையும் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். வெறும் வயிற்றோடு கப்பலில் வந்து இறங்கிய வடகோளத்துக்காரர்களோடு ஆட்சியைப் பங்கு போடச் சொன்னால் யார் உடனே கையெழுத்திடுவார்கள்?

இந்தியாவைப் பற்றிக் கேட்டீர்கள். 1967இல் வந்த ஓர் அத்தியாயத்தின்படி 1992 முதல் 1996 வரை ஆசியாவிலிருந்து மத்தியக் கிழக்கு வரை உலகில் கால்வாசிக்கு மேல் ஆண்டவன் கான் நூனியன் சிங் என்ற சர்வாதிகாரி. வட இந்திய சீக்கியனாக இருக்கலாம் என்று கப்பலின் வரலாற்றாய்வாளர் ஊகிக்கிறார். நடித்தவர் ரிக்கார்டோ மான்டல்பான், மெக்சிகோக்காரர். 1996 வந்து போய்விட்டதால் 2023இல் வந்த அத்தியாயம் கானின் சிறுவயதை நம் காலத்து டொரான்டோவுக்கு நகர்த்திவிட்டது. அவன் ஆண்ட நகரங்கள் என்னவாயின என்று யாரும் சொல்லவில்லை. டெல்லி, மும்பை இரண்டும் அணு ஆயுத நாட்டின் தலைநகரமும் பணநகரமும். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஓரமாக வைத்திருக்கும் சென்னையும் ஒதுக்குப்புறம் இல்லை. ஆனால் நகரம் திரையில் வராவிட்டாலும் சென்னைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். செகோவ் வழி கேட்கும் அதே நான்காம் படத்தில், வேற்றுலக விண்கலம் மின்சக்தியையெல்லாம் முடக்கியதும் யார்க்டவுன் கப்பலின் கேப்டன் பூமிக்குச் செய்தி அனுப்புகிறார், சூரியப் பாய் ஒன்றை விரித்துப் பார்க்கிறோம் என்று. அந்தக் கேப்டன் விஜய் அமிர்தராஜ், நம் டென்னிஸ் விஜய் அமிர்தராஜேதான். காட்சி சில விநாடிதான், கண் சிமிட்டாமல் பாருங்கள்.